விசைக்கும் குரலுக்கும் இடையில்: முள்ளியவளை நாட்குறிப்பு

14 செப்டெம்பர் 2025, ஞாயிறு

காலையில் கணினியைப் போட்டேன். குரல் வரவில்லை. ஐந்து நிமிடம் பொறுத்தேன், பிறகு இன்னும் ஐந்து நிமிடம். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பெட்டியில் காதை வைத்தபோது உள்ளே ‘டக், டக்’ என்று ஒரே தாளத்தில் சத்தம் கேட்டது. ஹார்ட் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. 2016இல் வாங்கியது. வீட்டு வருமானத்தில் பாதி இந்தப் பெட்டியிலிருந்துதான் வருகிறது.

புதிதாக வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். 2009இல் என் வலது கை மணிக்கட்டோடு போயிற்று. இடது கண்ணும் போயிற்று. வலது கண்ணுக்கு வெளிச்சமும் பெரிய உருவங்களும் மட்டும் தெரியும். பிரதேச செயலகத்துக்குக் கொடுக்கும் கடிதங்கள், பள்ளிக்கூட வினாத்தாள்கள், கோயில் திருவிழா அறிவித்தல்கள் என்று முல்லைத்தீவுப் பக்கத்து முள்ளியவளையில் வீட்டிலிருந்தே தட்டச்சு வேலை செய்கிறேன். திரையில் இருப்பதை என்விடிஏ என்ற திரைவாசிப்பான் எனக்கு வாசித்துச் சொல்கிறது. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞரான மைக்கேல் கரன் 2006இல் எழுதத் தொடங்கிய மென்பொருள் அது. இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது. அது இல்லாவிட்டால் நான் ஒரு வரி கூடத் தட்டியிருக்க மாட்டேன்.

16 செப்டெம்பர், செவ்வாய்

கனடாவிலிருந்து அண்ணா தொலைபேசி எடுத்தார். “பெட்டியை விடு பிள்ளை, நல்ல மடிக்கணினி ஒன்று அனுப்பிவிடுகிறேன்” என்றார். அன்பாகத்தான் சொன்னார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு அரை மணி நேரம் பிடித்தது.

ஒரு கையால் வேலை செய்பவருக்குச் சேர்ப்பு விசைகள்தான் சிக்கல். கன்ட்ரோலை ஒரு விரலும் எஸ்ஸை இன்னொரு விரலும் பிடித்துவிடலாம். கன்ட்ரோல், ஆல்ட், டிலீட் மூன்றையும் ஒரே நேரத்தில் பிடிக்க என் இடது கை எட்டாது. விண்டோஸில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஷிஃப்ட் விசையை ஐந்து தடவை தொடர்ந்து தட்டினால் ‘ஒட்டும் விசைகள்’ கிளம்பும். அதன் பிறகு மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டினால் போதும், சேர்த்து அழுத்தியதாகவே கணினி எடுத்துக்கொள்ளும். ஆனால் மடிக்கணினியின் மூலையில் இருக்கும் எஃப்என் விசை இந்த ஏற்பாட்டுக்குள் வராது. அது விசைப்பலகைக்குள்ளேயே முடிந்துவிடும் சங்கதி, விண்டோஸ் வரை போவதில்லை. பல மடிக்கணினிகளில், வரியின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் போகும் ஹோம், எண்ட் விசைகளுக்கே அந்த எஃப்என்னைப் பிடித்தாக வேண்டும். நான் ஒரு நாளில் நூறு தடவைக்கு மேல் அழுத்தும் விசைகள் அவை.

மேசைக் கணினியில் விசைப்பலகை எனக்குப் பிடிக்காவிட்டால் விசைப்பலகையை மட்டும் மாற்றலாம். கடைசியில் அண்ணா ஒப்புக்கொண்டார். காசாக அனுப்புகிறார்.

20 செப்டெம்பர், சனி

பெறாமகளும் நானும் காலை பஸ்ஸில் ஒட்டுசுட்டான், மாங்குளம் வழியாக வவுனியாவுக்குப் போனோம். ஹெட்போனும் என்விடிஏ ஏற்றிய பென் டிரைவும் பையில் இருந்தன. அந்த மென்பொருளைக் கணினியில் நிறுவாமலே பென் டிரைவிலிருந்து இயக்கலாம். அதனால் எந்தக் கடையிலும் எந்தப் பெட்டியையும் நானே சோதித்துப் பார்க்க முடியும். இது தெரியாமல் 2016இல் கடைக்காரர் காட்டியதை அப்படியே வாங்கிவந்தேன்.

முதல் கடையில் முழுப் பேச்சும் பெறாமகளிடம்தான் நடந்தது. “அவவுக்கு எதற்கு வேகமான பெட்டி? கடிதம் அடிக்கத்தானே?” என்று கடைக்காரர் அவளிடம் கேட்டார். “சின்னம்மாவிடம் கேளுங்கள்” என்றாள் பிள்ளை. எனக்குச் சுருக்கென்றது. நோட்பேடைத் திறந்து தட்டினேன். விசையை விட்ட பிறகுதான் எழுத்தின் பெயர் காதில் விழுந்தது. இன்னும் வேகமாகத் தட்டியதும் குரல் இரண்டு எழுத்து பிந்தியது. கண்ணால் பார்ப்பவருக்கு அந்தப் பிந்தல் தெரியவே தெரியாது. எனக்கோ அது, சொல் பிழைத்துவிட்டது என்பதை அடுத்த சொல்லுக்குள் போன பிறகு அறிவது. கடிதம் அடிப்பதற்குத்தான் வேகமான பெட்டி வேண்டும் என்று அவரிடமே சொன்னேன்.

கணினியின் மூளையான புரொசெசரின் எண்ணைப் பெறாமகள் வாசித்தாள்: 6500. ஆறாம் தலைமுறை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிகிறது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். அந்தப் பெட்டியில் விண்டோஸ் 11ஐ ஏதோ ஒரு குறுக்கு வழியில் ஏற்றிவைத்திருந்தார்கள். வாங்காமல் வெளியே வந்தோம்.

இரண்டாவது கடையில் பொடியன் ஒருவன் இருந்தான். “அக்கா, நீங்களே பாருங்கள்” என்று கதிரையை இழுத்துப் போட்டான். எட்டாம் தலைமுறை இன்டெல் ஐ5 புரொசெசர், அலுவலகம் ஒன்றில் பாவித்த பெட்டி, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி, 8 ஜிபி ராம். விசையும் குரலும் ஒன்றாக வந்தன. பிரவுசரில் பத்துப் பக்கங்களைத் திறந்துவைத்துவிட்டுத் திரும்பவும் தட்டினேன். அப்போதும் பிந்தவில்லை.

பெரிய திரையையும் காட்டுகிறேன் என்று அவன் புதிய மொனிட்டரின் எச்டிஎம்ஐ வயரைச் செருகியதும் குரல் போய்விட்டது. பென் டிரைவ் பழுதாகியிருக்கும் என்றான். எனக்கு விளங்கிவிட்டது: ஒலி அந்த வயர் வழியாக, ஒலிபெருக்கி இல்லாத மொனிட்டருக்குப் போயிருந்தது. பார்வையுள்ளவர் மூலையில் இருக்கும் ஒலிபெருக்கிப் படத்தை அழுத்தித் திருப்பிவிடுவார். குரல் போனால் எனக்கு அந்த மூலையே இல்லை. வயரைக் கழற்றச் சொன்னேன். குரல் திரும்பியது.

அந்தப் பெட்டியின் பின்பக்கத்தில் பழைய விஜிஏ செருகியும் இருந்தது. விஜிஏ வயரில் ஒலி போகாது. வீட்டிலிருக்கும் பழைய மொனிட்டருக்கு அதுவே போதும், கடிதம் அடிக்க வருபவர்கள் பார்ப்பதற்குத்தான் அது. மிஞ்சும் காசை விசைப்பலகையிலும், மின்சாரம் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் யூபிஎஸ்ஸிலும் போடுவதென்று முடிவெடுத்தேன்.

23 செப்டெம்பர், செவ்வாய்

பணம் வந்துவிட்டது. பழைய டிஸ்க்கிலிருந்து கோப்புகளில் முக்கால் பங்கை எடுத்துவிட்டார்கள். 2018ஆம் ஆண்டுக் கோப்புறை மட்டும் போய்விட்டது. மனம் ஆறவில்லை.

27 செப்டெம்பர், சனி

வாங்கிவிட்டோம். பெட்டி 72,000 ரூபாய், ஓராண்டு உத்தரவாதம்.

விசைப்பலகைக்குத்தான் நேரம் போனது. ஐந்தைத் தடவிப் பார்த்து, வலப்பக்க எண் விசைகள் இல்லாத குட்டையான ஒன்றை எடுத்தேன். இடது கையால் வலது ஓரம் வரை எட்டுகிறது. எஃப், ஜே மேலிருக்கும் மேடு விரலுக்கு நன்றாகத் தெரிகிறது. வலச்சொடுக்குப் பட்டியலுக்கான தனி விசை அதில் இல்லை, ஷிஃப்டும் எஃப்10உம் தட்டிச் சமாளிக்கலாம். என்விடிஏ கட்டளைகளுக்கு அழுத்தும் விசையாகக் கப்ஸ் லொக்கை வைத்துக்கொண்டேன்.

கடையை விட்டு இறங்குமுன் பொடியனிடம் ஒரு வேலை கேட்டேன். மின்சாரம் போய்த் திரும்பும்போது பெட்டி தானாகக் கிளம்பாதபடி பயோஸ் என்ற தொடக்க அமைப்பில் மாற்றித் தர வேண்டும். பயோஸ் திரை விண்டோஸுக்கு முந்தியது, அங்கே என்விடிஏ பேசாது. என் நிலையில் உள்ளவர்கள் அந்த வேலையைக் கடையிலேயே முடித்துக்கொண்டு வருவது நல்லது. செய்து தந்தான், ஒவ்வொரு வரியையும் சத்தமாக வாசித்துக்கொண்டே.

2 ஒக்டோபர், வியாழன்

விஜயதசமி. முன்வீட்டுப் பிள்ளைக்கு ஏடு தொடக்கினார்கள். நானும் இன்றுதான் புதுப் பெட்டியைப் போட்டேன். பெட்டியைப் போடும் ஆளியையும் அதை ஒட்டியிருக்கும் யூஎஸ்பி துளையையும் விரல் மாறிப் பிடிக்காதபடி பெறாமகள் ஆளியின் மேல் தன் ஒட்டுப்பொட்டு ஒன்றை ஒட்டிவிட்டாள். விண்டோஸின் தமிழ்க் குரலையும் இறக்கினோம். வள்ளுவர் என்று பெயர். பழைய இயந்திரக் குரலை விடக் காதுக்கு இதமாக இருக்கிறது.

பின்னேரம் ஆசிரியர் ஒருவர் வினாத்தாளோடு வந்தார். கோப்பு பாமினி எழுத்துருவில் இருந்தது. எந்தக் கணினி வாங்கினாலும் இந்தத் துன்பம் தீராது. பாமினியில் திரைக்குத்தான் தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. ‘அம்மா’ என்ற சொல்லில் அம்புக்குறியை நகர்த்தினால் குரல் ‘எம், கே, செமிகோலன், கே, எச்’ என்கிறது. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றிய பிறகுதான் அது அம்மா என்று பேசுகிறது. நாற்பது பக்கத்தை மாற்றும்போது பழைய பெட்டி திணறி நின்றுவிடும். இதில் ஒரு மூச்சில் முடிந்தது. இனிமேல் யூனிகோடிலேயே தாருங்கள் என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டேன். எங்கள் பக்கத்து அச்சகங்களிடமும் பள்ளிக்கூடங்களிடமும் நான் கேட்பது இதை மட்டும்தான்.

11 ஒக்டோபர், சனி

மூன்று மணிக்கு இடி. மின்சாரம் போனது, யூபிஎஸ் கத்தத் தொடங்கியது. அதன் கூவல் குரலை மூடுகிறது, ஆகவே யூபிஎஸ்ஸை மேசையிலிருந்து இறக்கிக் கட்டிலுக்குக் கீழே தள்ளியாயிற்று. சேமித்து, அணைத்து, செருகியையும் கழற்ற நேரம் போதுமாக இருந்தது.

மின்சாரம் வந்த பிறகு வற்றாப்பளைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா காணிக் கடிதத்துக்காக வந்தார். கண்ணாடியைக் கொண்டுவரவில்லை, வாசிக்க முடியாது என்றார். ஹெட்போனைக் கழற்றி ஒலிபெருக்கியைப் போட்டேன். வள்ளுவர் குரல் கடிதத்தை முழுவதும் வாசித்தது. நாங்கள் இரண்டு பேரும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

“நில்லு பிள்ளை,” என்றார் நடுவில். “தென்னை ஐந்து இல்லை, ஆறு. கிணற்றடியில் நிற்பதை விட்டுவிட்டாய்.”

ஆறு என்று திருத்தி, கன்ட்ரோலையும் எஸ்ஸையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டினேன்.