எட்டு வாரம் இடது காலுக்கு மட்டும் ட்ரெயினிங்: ரத்த ஓட்ட ஆராய்ச்சியில கலந்துகிட்ட அனுபவம்

போன வாரம்தான் கடைசி டெஸ்ட் முடிஞ்சுது, மறக்கிறதுக்குள்ள எழுதிடறேன். எண்டூரன்ஸ் ட்ரெயினிங் (ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்கிற பயிற்சி) பண்ணா காலுக்குப் போற ரத்த ஓட்டம் எப்படி மாறுதுன்னு பாக்கற ஒரு ஆராய்ச்சிக்கு ஆள் தேடிட்டு இருந்தாங்க, நானும் பேர் குடுத்தேன். எட்டு வாரமும் இடது காலுக்கு மட்டும்தான் ட்ரெயினிங், வலது கால் சும்மா இருக்கணும். முதல்ல எனக்குப் புரியல, அப்புறம் யோசிச்சா எவ்ளோ அழகான ஐடியா! ரெண்டு காலுக்கும் இதயம் ஒண்ணுதான், ரத்தமும் ஒண்ணுதான், அப்போ ஒரு கால் மட்டும் மாறுச்சுன்னா அது அந்தக் காலுக்குள்ளயே நடந்த மாற்றம். 1976லயே பெங்ட் சால்டின்னு ஒரு உடற்பயிற்சி ஆராய்ச்சியாளரோட குழு ஒத்தக்கால் ட்ரெயினிங் வச்சு இதைப் பண்ணியிருக்காங்க.

ஃபார்ம், ஈசிஜி எல்லாம் ஒரு மணி நேரத்துல முடிஞ்சுது. எப்ப வேணா விலகிக்கலாம்னு தெளிவா சொல்லிட்டாங்க, அது முக்கியம், கையெழுத்து போடறதுக்கு முன்னாடி முழுசா படிங்க.

முதல் டெஸ்ட் நாள் வெறும் வயிறு, காபி கூடாது, முந்தின நாள் எக்ஸர்சைஸ் கூடாது, ஏன்னா இதெல்லாமே ரத்தக்குழாய் விரியறதை மாத்திடும். முன்கையில கஃப் (பிபி பாக்கும்போது கட்டற மாதிரி பட்டை) கட்டி 5 நிமிஷம் ரத்த ஓட்டத்தை நிறுத்தினாங்க. கை மரத்து, குத்த ஆரம்பிச்சிடும், கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கணும். கஃபைத் தளர்த்தினதும் ரத்தம் பாயுது பாருங்க, அந்த வேகம் குழாயோட உள்சுவரை உரசும்போது அந்தச் சுவர் நைட்ரிக் ஆக்ஸைடை விடும், குழாய் விரியும். அந்த விரிவைத்தான் மேல்கையில ஸ்கேன் வச்சு அளக்கறாங்க. மில்லிமீட்டர்ல சின்னப் பங்குதான் மாறும், அதனால மூச்சுகூட அமைதியா விடணும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது டாப்ளர்தான், அதாவது ரத்தம் ஓடற வேகத்தை அளக்கற ஸ்கேன். சாய்ஞ்சு உக்கார வச்சு, தொடை இடுக்குல ப்ரோப் வச்சுட்டாங்க, ஸ்பீக்கர்ல என் ரத்தம் ஓடற சத்தம் 'ஷ்ஷூ ஷ்ஷூ'ன்னு கேக்குது. முதல்ல நான் காலைத் தளர்வா விட்டுடணும், அவங்களே முட்டியை மடக்கி நீட்டினாங்க. நான் ஒரு துளி பலம் போடல, ஆனா சத்தம் உடனே ஏறிடுச்சு! கால் அசைஞ்சாலே குழாய் விரிய ஆரம்பிக்குது. அப்புறம் நானே நிமிஷத்துக்கு 60 தடவை உதைக்கணும், லோடு ஏத்திட்டே போனாங்க. தசை இறுகும்போது ஓட்டம் அமுங்குது, தளர்ந்ததும் வெள்ளம் மாதிரி பாயுது, ஒவ்வொரு உதைக்கும் அதைக் கேக்கலாம். சும்மா இருக்கும்போது ஒரு காலுக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கும் கம்மியாத்தான் ரத்தம் போகுமாம், இந்த உதைக்கிற டெஸ்ட்டோட உச்சத்துல அது பத்து மடங்குக்கு மேல ஏறும்.

பயாப்ஸிக்குத்தான் பயந்தேன். ரெண்டு தொடையிலயும் மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதா கீறி, அரிசி அளவு தசை எடுத்தாங்க. வலின்னு சொல்றதைவிட உள்ளுக்குள்ள யாரோ அழுத்தி இழுக்கற மாதிரி இருந்துச்சு. ரெண்டு நாள் படி இறங்கும்போது தெரிஞ்சுது, அவ்ளோதான். தசை நாரைச் சுத்தி எத்தனை தந்துகிகள் (ரொம்ப மெல்லிசான ரத்தக்குழாய்கள்) இருக்குன்னு எண்றதுக்குத்தான் இது, தந்துகி கூடினா ஆக்ஸிஜன் தசைக்குள்ள போற தூரம் குறையும், ரத்தமும் அங்க நின்னு நிதானமா குடுத்துட்டுப் போக நேரம் கிடைக்கும்.

ட்ரெயினிங் வாரம் நாலு நாள், 40 நிமிஷம், ஒத்தக்கால் சைக்கிளிங். இன்னொரு பெடல்ல எடை மாட்டியிருப்பாங்க, இல்லன்னா மிதி மேல வரவே வராது. முதல் ரெண்டு வாரம் தொடை எரிஞ்சு போயிடும், மூச்சு மட்டும் வாங்கவே வாங்காது. அதுதான் விஷயமே, ரெண்டு காலும் ஓட்டும்போது இதயம் எல்லாத்துக்கும் பங்கு போட்டாகணும், ஒரு காலுன்னா இதயத்துக்கிட்ட தாராளமா மிச்சம் இருக்கு, அதனால அந்தத் தசைக்கு முழு ரத்தமும் கிடைக்குது, அது உச்சம் வரைக்கும் உழைக்கலாம். அஞ்சாவது வாரத்துக்கு மேல அதே லோடு லேசாயிடுச்சு.

கடைசி டெஸ்ட்ல முதல் டெஸ்ட்ல இருந்த அதே லோடுல இடது கால் உதைக்கும்போது என் ஹார்ட் ரேட் 118ல இருந்து 106 ஆயிருந்துச்சு, வலது கால்ல 117க்கு 115. அதே இதயம்தாங்க! பழகின காலுக்கு மட்டும் அது மெதுவா துடிக்குது, ஏன்னா வேலை செய்ற தசையில இருந்து போற சிக்னலும் இதயத் துடிப்பை ஏத்தும், பழகின தசை அவ்வளவு சத்தம் போடறதில்ல. இதயம் வளர்ந்தாத்தான் ஸ்டாமினா வரும்னு நினைச்சிட்டிருந்தவன் நான், அன்னிக்கு திரையில அந்த ரெண்டு கோட்டையும் பாத்துட்டு ரொம்ப நேரம் எழுந்திருக்கவே இல்ல.

என் ஒருத்தன் நம்பரை வச்சு எதையும் முடிவு பண்ணக் கூடாது, மத்தவங்க டெஸ்ட் இன்னும் நடக்குது. என் தந்துகி எண்ணிக்கையும் வரல, வந்ததும் சொல்றேன். கலந்துக்கறவங்க ரெண்டு விஷயம் கவனிங்க: பயாப்ஸி அன்னிக்கு லூஸா ட்ராயர் போட்டுப் போங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கறீங்கன்னா முதல் நாளே சொல்லிடுங்க. எனக்கு திங்கக்கிழமையில இருந்து அதே எட்டு வாரம் வலது காலுக்கு.