ஆண்டை விடுங்கள், சண்டையைப் பிடியுங்கள்

எம்.ஏ. வரலாறு அஞ்சல்வழியில் படித்தபோது எனக்கு அரியர் விழுந்த ஒரே தாள் இடைக்கால ஐரோப்பா. ‘பொலோனா பல்கலைக்கழகத்தின் தோற்றம்’ என்று 10 மதிப்பெண் கேள்வி. பொலோனா இத்தாலியில் இருக்கும் ஊர். கைடில் இருந்தபடியே ‘1088இல் நிறுவப்பட்டது’ என்று தொடங்கினேன். அதற்கு மேல் ஒன்றரைப் பக்கத்தை எப்படி நிரப்பினேன் என்பதைச் சொன்னால் வெட்கக்கேடு.

மறுபடி படிக்க உட்கார்ந்தபோதுதான் அந்த 1088இன் கதை தெரிந்தது. 1888இல் எண்ணூறாவது ஆண்டு விழா எடுப்பதற்காக, கவிஞர் கார்டூச்சி தலைமையிலான குழு குறித்துக்கொடுத்த ஆண்டு அது! 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே ரோமச் சட்டம் சொல்லிக்கொடுத்தார்கள். அதில் இர்னேரியஸ் பெயர் பெற்றார். நிறுவியவர் என்று ஒருவரும் இல்லை, கட்டடமும் இல்லை.

ஆகவே ‘யார், எப்போது நிறுவினார்கள்’ என்று தேடாதீர்கள். ‘யாருக்கும் யாருக்கும் தகராறு’ என்று கேளுங்கள், விடை தானாக நீளும். ‘பல்கலைக்கழகம்’ என்ற நம் சொல்லும் இங்கே கொஞ்சம் வழிமாற்றிவிடும். ‘யுனிவர்சிட்டி’யின் மூலமான லத்தீன் சொல் ‘யூனிவர்சிடாஸ்’ என்றால் பல கலைகள் அல்ல, சங்கம். பொலோனாவில் அந்தச் சங்கத்தை வைத்தவர்கள் மாணவர்கள். வெளியூர்ப் பிள்ளைகள், அந்த ஊரில் குடியுரிமை கிடையாது. சொந்த ஊர்க்காரன் எவனாவது கடன் வைத்துவிட்டு ஓடினால் அந்தக் கடனை இங்கே படிக்கும் மாணவனைப் பிடித்து வசூலிப்பார்கள். அது கூடாது என்று பேரரசர் பிரெடரிக் பார்பரோசா 1150களில் ஆணையே போட வேண்டியிருந்தது.

சம்பளம் மாணவர்கள் கையில் இருந்ததால் வாத்தியார்கள் பாடு திண்டாட்டம். 1317ஆம் ஆண்டுச் சங்க விதிகளைப் பாருங்கள். அனுமதி வாங்காமல் ஒரு நாள் லீவு போட முடியாது. ஊரைவிட்டு வெளியே போவதென்றால் திரும்பி வருவதற்கு முன்பணம் கட்ட வேண்டும். வகுப்புக்கு ஐந்து பேர்கூட வராவிட்டால், வாத்தியாரே வரவில்லை என்று கணக்கு வைத்து அபராதம். இந்த மூன்றையும் எழுதினாலே விடைத்தாள் கைடு வாசனையிலிருந்து தப்பித்துவிடும்.

மற்ற பல்கலைக்கழகங்களை நான் ஒரே காகிதத்தில் அம்புக்குறி போட்டு வைத்துக்கொண்டேன். பொலோனாவிலிருந்து கோபித்துப் போனவர்கள் 1222இல் இன்னொரு இத்தாலிய ஊரான படுவாவில் தொடங்கினார்கள். 1209இல் ஆக்ஸ்போர்டில் ஒரு மாணவன் ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டு ஓடிப்போக, ஊரார் அவனோடு தங்கியிருந்தவர்களைத் தூக்கில் போட்டார்கள். கலைந்து போனவர்களில் ஒரு கூட்டம் கேம்பிரிட்ஜில் தொடங்கியது. ஆக்ஸ்போர்டு ஊராருக்கு 1214இல் வந்த தண்டனையை மட்டும் மறக்கவே முடியாது: மாணவர்களுக்குப் பத்து வருடம் பாதி வாடகை. நேப்பிள்ஸ் மட்டும் விதிவிலக்கு. 1224இல் பேரரசர் இரண்டாம் பிரெடரிக் ஆணையிட்டு நிறுவியது, அங்கே ஆண்டை எழுதலாம்.

இரண்டாம் முறை பொலோனா வரவில்லை, பாரிஸ் வந்தது. 1229இல் மாணவர்கள் மதுக்கடையில் பில்லுக்காகப் போட்ட சண்டையில் ஆரம்பித்தேன். கைகலப்பு, காவலர்கள் மாணவர்களைக் கொன்றது, ஆசிரியர்கள் ஊரைவிட்டே வெளியேறியது, கடைசியில் 1231இல் ஒன்பதாம் கிரகோரி போப் பல்கலைக்கழகத்துக்குத் தந்த சாசனம் என்று ஒன்று அடுத்ததை இழுத்து வந்தது. கூடுதல் தாள் வாங்கி எழுதினேன்.