கௌபாயும் நீராவி எஞ்சினும்: டெக்சாஸ் எனக்கு ஊரானது இப்படித்தான்

டாலஸுக்கு வடக்கே, நம்மவர்கள் நிறையக் குடியிருக்கும் ஃபிரிஸ்கோ, ரயிலால் பிறந்த ஊர். செயின்ட் லூயிஸ்-சான் பிரான்சிஸ்கோ ரயில்வேயின் தண்டவாளம் 1902-இல் இந்தப் பக்கம் வந்தது. அந்தக் கம்பெனியின் செல்லப் பெயரையே ஊருக்கும் வைத்துவிட்டார்கள். வேலைக்கு வந்த புதிதில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. வார இறுதி என்றால் இந்தியன் ஸ்டோர், கோயில், நண்பர் வீடு. அகலச் சாலையும் வெயிலும் தவிர இந்த மண்ணில் எதுவும் மனதில் ஒட்டவில்லை.

ஒட்ட வைத்தது இங்குள்ள ரயில் மியூசியம். அங்கே நிற்கிறது பிக் பாய் 4018 என்ற ராட்சத நீராவி எஞ்சின். 1941 முதல் 1944 வரை யூனியன் பசிபிக் ரயில்வேக்காகக் கட்டிய 25 எஞ்சின்களில் மிஞ்சியவை 8. அதில் ஒன்று இது. பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டர் வண்டியையும் சேர்த்து 132 அடி நீளம், ஏறக்குறைய 540 டன் எடை. என் அப்பா பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். வீடியோ காலில் காட்டியதும், "முகத்தைக் காட்டினது போதும், சிலிண்டர் பக்கம் போ" என்றார். இதில் எட்டெட்டு ஓட்டுச் சக்கரங்களாக இரண்டு தொகுதி. ஒவ்வொன்றுக்கும் தனி சிலிண்டர்கள். முன்தொகுதி வளைவுகளில் தனியாகத் திரும்பிக்கொடுக்கும். இல்லாவிட்டால் இவ்வளவு நீள எஞ்சின் மலைப்பாதையில் வளையவே வளையாது. அப்பா ஒவ்வொரு ராடாகப் பார்க்கச் சொன்னார். திருச்சியில் அப்போது நடுராத்திரி.

கௌபாய் ஆசை அதற்கும் முன்பே வந்தது. சிவகாசியில் அச்சாகி வந்த காமிக்ஸ் புத்தகங்களைப் பள்ளிக்கூட நோட்டுக்குள் வைத்துப் படித்த தலைமுறை நாங்கள். அதில் கௌபாய் என்றால் துப்பாக்கி. டாலஸை அடுத்த ஃபோர்ட் வொர்த்தில், கௌபாய் மியூசியத்தில் என்னை நகர விடாமல் நிறுத்தியதோ ஒரு சேணம். அதன் முன்பக்கத்தில் நிமிர்ந்திருக்கும் கொம்பில், கயிறு உராய்ந்து உராய்ந்து தோல் பள்ளமாகியிருந்தது. திமிறும் மாட்டின் இழுவை முழுவதையும் தாங்கியது அந்தக் கைப்பிடி அளவு கொம்புதான். அங்கேயே சூட்டுக்கோல்கள். எங்கள் தாத்தா வீட்டு மாடுகளின் தொடையில் இருந்த சூட்டுத் தழும்பு நினைவுக்கு வந்தது.

உள்நாட்டுப் போர் முடிந்தபோது டெக்சாஸில் மாடு மலிந்து கிடந்தது. இங்கே 4 டாலருக்குப் போன மாடு வடக்குச் சந்தைகளில் 40 டாலர். ஆனால் ரயில் இவ்வளவு தெற்கே வரவில்லை. 1867-இல் ஜோசப் மெக்காய் என்ற வியாபாரி கான்சாஸின் அபிலீனில் தண்டவாளத்தை ஒட்டிப் பட்டிகள் கட்டினார். டெக்சாஸிலிருந்து அந்த ஊர் வரை சிஷோம் டிரெயில் என்ற மாட்டுப் பாதை வழியே மந்தையை ஓட்டிப் போக இரண்டு மூன்று மாதம் ஆகும். அதற்குக் கூலி வாங்கியவர்களே கௌபாய்கள். கறுப்பினத்தவரும் மெக்சிகோ வழி வந்தவர்களும் அவர்களில் ஏராளம். நான் படித்த படக்கதைகளில் அவர்கள் முகம் அபூர்வம். 1876-இல் ரயில் ஃபோர்ட் வொர்த்துக்கே வந்துவிட்டது. முள்கம்பி வேலி மேய்ச்சல் வெளியை மறித்தது. இருபது வருஷத்துக்குள் அந்த நெடும்பயணங்கள் நின்றுபோயின. ரயிலுக்காகப் பிறந்த தொழிலை ரயிலே முடித்து வைத்தது. அதனால்தான் இந்த இரண்டு வகை மியூசியத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். தூரத்து ஊருக்குக் கூலிக்குப் போனவர்களின் கதை என்பதால் எனக்கு இதில் தனிப் பற்று.

ஊரிலிருந்து யார் வந்தாலும் மாலுக்குப் போகும் முன் இந்த இடங்களுக்குத்தான் அழைத்துப் போகிறேன். கிரேப்வைன் என்ற ஊரிலிருந்து, ஃபோர்ட் வொர்த்தின் பழைய மாட்டுச் சந்தைப் பகுதியான ஸ்டாக்யார்ட்ஸுக்குப் பழங்காலப் பெட்டிகளோடு ஒரு ரயில் ஓடுகிறது. அங்கே காலை 11:30-க்கும் மாலை 4-க்கும் நீளக் கொம்புள்ள லாங்ஹார்ன் மாடுகளைத் தெருவில் ஓட்டி வருவார்கள். காளையைக் கொம்பைப் பிடித்து மடக்கும் ரோடியோ ஆட்டத்தைத் தொடங்கிவைத்த கறுப்பின கௌபாய் பில் பிக்கெட்டின் சிலையும் அங்கேதான். குழந்தைகளோடு போனால் மாடுகள் வரும் நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே போய் இடம் பிடியுங்கள்; தொப்பியும் தண்ணீரும் கட்டாயம்.