செக்கி தட்டும் விடியற்காலை ஆக்சிஜனும்: ஏரி நீரை அளந்த குறிப்புகள்

ஏரி நீரின் தெளிவை அளக்க ஒரு தட்டும் கயிறும் போதும். தட்டு எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ, அதுவே தெளிவின் அளவு. இத்தாலியப் பாதிரியாரும் வானியலாளருமான ஆஞ்செலோ செக்கி 1865-இல் மத்தியதரைக் கடலில் வெள்ளைத் தட்டை இறக்கிப் பார்த்த முறை அது. ஏரிகளுக்கு இப்போது புழங்குவது 20 செ.மீ. விட்டத் தட்டு, நான்கு கால்பாகங்களும் கறுப்பு, வெள்ளை என்று மாறி மாறி இருக்கும். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 1973 முதல் ஏரிக்கரை மக்களே இதை வைத்து அளந்து வருகிறார்கள். தமிழ்நாட்டு ஏரிக்கும் அதே தட்டு சரிப்படும். ஆனால் நம் ஏரிகள் ஆழம் குறைந்தவை, மண் கலங்குபவை. அதனால் அளக்கும் முறையைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கிறது.

முதலில் தட்டு. 3 அல்லது 4 மி.மீ. அக்ரிலிக் ஷீட்டில் வெட்டினால் போதும், விளம்பரப் பலகை செய்யும் கடையிலேயே வட்டமாக வெட்டித் தருவார்கள். பெயின்ட் பளபளப்பில்லாத மேட் வகையாக இருக்க வேண்டும். பளபளப்பான பெயின்ட் வெயிலில் மின்னி, தட்டு மறைந்த பிறகும் தெரிவதுபோல் காட்டும். அக்ரிலிக் தண்ணீரைவிடச் சற்றே கனமானது என்பதால் தானாக இறங்கும்போது காற்றுக்கு ஒதுங்கிச் சாய்ந்துவிடுகிறது. நடுவில் துளையிட்டு, வளையம் வைத்த போல்ட்டை மாட்டி, அடியில் அரைக் கிலோ இரும்பு வாஷர்களைச் சேர்த்து முடுக்கினால் நேராக இறங்கும்.

தவறு அதிகம் நேர்வது கயிற்றில்தான். நைலான் நனைந்தால் நீளும், பருத்தி சுருங்கும். பின்னிய பாலியெஸ்டர் கயிற்றை ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்தோடு இழுத்துப் பிடித்து 10 செ.மீ.க்கு ஒரு குறி வைக்க வேண்டும். மார்க்கர் மை ஒரு மாதத்தில் போய்விடும், வண்ண இன்சுலேஷன் டேப் நிற்கும். பூஜ்யம் தொடங்குவது தட்டின் மேல்முகத்தில். முடிச்சிலிருந்து அளந்தால் எல்லா அளவும் 3, 4 செ.மீ. குறைவாகவே வரும். ஆழமான ஏரியில் அது பெரிதல்ல. தெளிவே 30 செ.மீ. உள்ள ஏரியில் பத்தில் ஒரு பங்கு பிழை.

அளப்பது காலை 10 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் இடையில், நிழல் விழும் பக்கத்தில், கறுப்புக் கண்ணாடி போடாமல். தட்டு மறையும் ஆழம் ஒன்று, மேலே இழுக்கும்போது மீண்டும் தெரியும் ஆழம் ஒன்று. இரண்டின் சராசரியே அளவு. படகு இல்லாத ஏரியில் மதகு மேடையோ கலங்கல் சுவரோ நல்ல இடம். மாடு இறங்கும் துறையும் துணி துவைக்கும் படியும் வேண்டாம், அங்கே கிடைப்பது ஏரியின் கணக்கல்ல. மறைவதற்குமுன் தட்டு தரையைத் தொட்டுவிட்டால் "தரை தட்டியது, 90 செ.மீ." என்று அப்படியே எழுத வேண்டும். 90 என்று மட்டும் எழுதினால், அடுத்து அந்த நோட்டைப் பார்ப்பவர் அதையே தெளிவின் அளவாக எடுத்துக்கொள்வார்.

அளவைக் கொண்டு ஏரியின் சத்து மிகுதியை, அதாவது பாசியை வளர்க்கும் சத்து எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை, கணக்கிட ஏரி ஆய்வாளர் கார்ல்சன் 1977-இல் கொடுத்த குறியீட்டு எண் இருக்கிறது. மீட்டரில் உள்ள அளவின் இயல் மடக்கையை (கால்குலேட்டரில் ln) 14.41-ஆல் பெருக்கி 60-இலிருந்து கழிக்க வேண்டும். 1 மீட்டர் தெளிவுக்கு 60 வரும், அரை மீட்டருக்கு 70, கால் மீட்டருக்கு 80. நீர் கலங்குவது பாசியால்தான் என்ற எண்ணத்தில் அமைந்த கணக்கு இது. மழைக்குப் பின் செம்மண் கலந்த ஏரியில் பாசியே இல்லாமல் 80 காட்டும். அதனால் ஒவ்வொரு முறையும் ஒரு லிட்டர் நீரை வெள்ளைத் துணியில் வடிகட்டி, படிந்த கறை பச்சையா பழுப்பா என்று எழுதி வைப்பது நல்லது. ஒரு கண்ணாடி ஜாடி நீரை இரவு முழுவதும் அசையாமல் வைத்தாலும் தெரியும்: மண் அடியில் படியும், நீலப்பச்சைப் பாசி மேலே திரளும். பச்சை பெயின்ட் ஊற்றியதுபோல் ஆடை படர்ந்திருந்தால் கை வைக்கக் கூடாது, மாட்டையும் விடக் கூடாது. அந்தப் பாசி நச்சு தரக்கூடியது. கொதிக்க வைத்தாலும் நச்சு போகாது.

தட்டு பாதிக் கதைதான் சொல்லும். ஏரி மூச்சுவிடுகிறதா என்று தெரிய ஆக்சிஜனைப் பார்க்க வேண்டும், அதுவும் விடியும் முன். பாசி பகலில் ஆக்சிஜனை வெளியிடும், இரவில் எடுத்துக்கொள்ளும். 30 டிகிரி நீரில் காற்றோடு சமநிலையில் கரைந்திருப்பது லிட்டருக்கு சுமார் 7.5 மி.கி.; பச்சை ஏரியில் பிற்பகலில் இதைத் தாண்டிப் போகும், விடியலில் 2-க்கும் கீழே இறங்கும். பிற்பகல் 3 மணிக்கு மட்டும் அளந்தால் "ஏரி அருமை" என்றுதான் எழுத வேண்டிவரும். மீன் மேலே வந்து வாய் பிளப்பது விடியலில்தான் என்று மீனவர்களுக்குத் தெரியும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோலில் குளிக்கும் நீருக்குக் குறைந்தது 5 மி.கி., மீன் வாழ 4 மி.கி. வேண்டும்.

நீரில் கரைந்த ஆக்சிஜனை வேதிப்பொருள்களால் அளப்பது விங்க்ளர் முறை. அதை ஒரு வேதியியல் ஆசிரியரின் துணையோடு செய்வது நல்லது. 300 மி.லி. பாட்டிலை வாளியால் மொண்டு நிரப்பக் கூடாது, ஊற்றும்போதே காற்று கலந்துவிடும். ரப்பர் குழாயை அடிவரை விட்டு, பாட்டில் இரண்டு மூன்று மடங்கு வழிய விட வேண்டும். மாங்கனீஸ் சல்ஃபேட் 2 மி.லி., கார அயோடைடு அசைடு 2 மி.லி.; இரண்டையும் பிப்பெட் முனை நீருக்குள் இருக்கும்படி கரையிலேயே சேர்க்க வேண்டும். குமிழி சிக்காமல் மூடித் தலைகீழாகப் பலமுறை புரட்டினால் பழுப்பு வீழ்படிவு வரும். வெள்ளையாகவே நின்றால் ஆக்சிஜன் இல்லை. வீழ்படிவு பாதிக்குமேல் இறங்கியதும் அடர் கந்தக அமிலம் 2 மி.லி. சேர்த்துக் கரைத்து, 203 மி.லி. எடுத்து 0.025 நார்மல் (கரைசலின் செறிவு) தயோசல்ஃபேட்டைத் துளித்துளியாக விட்டு அளவிட வேண்டும். 200-க்குப் பதில் 203 எடுப்பது, முதலில் சேர்த்த 4 மி.லி. வேதிப்பொருளால் வெளியேறிய நீரை ஈடுகட்ட. வெளிர் மஞ்சள் ஆனபின்தான் ஸ்டார்ச்; முன்பே போட்டால் நீலம் சீக்கிரம் விடாது. நீலம் முதலில் மறையும் இடத்தோடு நிறுத்தலாம், சற்று நேரம் கழித்து அது திரும்பி வந்தால் கணக்கில் சேராது. செலவான தயோசல்ஃபேட் எத்தனை மி.லி.யோ, லிட்டருக்கு அத்தனை மி.கி. ஆக்சிஜன். பழைய தயோசல்ஃபேட் வலுவிழந்து கூடுதலாகக் காட்டும். அசைடு நஞ்சு, பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை கட்டாயம், கழிவை ஏரியில் ஊற்றவே கூடாது.

நீரில் மலக்கிருமி இருக்கிறதா என்று பார்க்க, 1982-இல் குவாலியர் பாதுகாப்பு ஆய்வகத்தில் மாஞ்சாவும் உடன் ஆய்வாளர்களும் உருவாக்கிய, கிருமி இருந்தால் கறுப்பாக மாறும் சோதனைக் குப்பி மலிவானது. ஆனால் ஏரி நீரில் அது எப்போதும் கறுத்துவிடும், எதையும் பிரித்துக் காட்டாது. ஏரியை ஒட்டிய கிணறுகளுக்கும் கைப்பம்புகளுக்கும் அதை வைத்துக்கொள்வதே பயன்.

காலில் வெட்டுக்காயத்தோடு யாரும் நீரில் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் வரும் வழி அது.

அடுத்துப் பார்க்க இருப்பது வரத்துக்கால். வடகிழக்குப் பருவமழையின் முதல் பெரிய மழையில் தண்ணீர் வரத் தொடங்கியவுடன் ஒன்று, ஒரு மணி நேரம் கழித்து ஒன்று, மறுநாள் ஒன்று என மூன்று மாதிரிகள், அதே நேரங்களில் மதகடியில் மூன்று. பாட்டில்களில் இடம், தேதி, நேரம் எழுதிய லேபிளை மழைக்கு முன்பே ஒட்டிவைக்க வேண்டும். நனைந்த பாட்டிலில் லேபிள் ஒட்டாது.