பில்லிங் குறிப்புகள்

ஏப்ரல் 9

பாராகிளைடிங் போட்டிக்காக ஹிமாச்சலின் பீர் கிராமத்துக்கு வந்திருக்கிறேன். காலை ஆறு மணிக்கு மாடிக்கு வந்து பார்த்தபோது தவளதார் மலைத்தொடர் இருந்த திசையில் சாம்பல் நிறம் மட்டுமே இருந்தது. மேற்கத்திய இடையூறு ஒன்று நெருங்குவதாக நேற்றே சொல்லியிருந்தார்கள். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து புறப்பட்ட ஈரம் இவ்வளவு தூரம் நடந்து வந்து எங்கள் முதல் நாளைத் தின்றுவிட்டது. பத்து மணிக் கூட்டத்தில் டாஸ்க், அதாவது அன்று பறந்து முடிக்க வேண்டிய பாதை, ரத்து என்று அறிவித்தபோது எல்லோரும் சலித்துக்கொண்டார்கள், நானும் சலித்துக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

மதியம் ரிசர்வ் பாராசூட்டின் ஊசியை மூன்று முறை சரிபார்த்தேன்.

ஏப்ரல் 10

நாள் முழுவதும் மழை பெய்தது, இரவில் ஆலங்கட்டியும் சேர்ந்துகொண்டது.

ஏப்ரல் 11

பறந்தோம்! பீரிலிருந்து பில்லிங்குக்குப் பதினான்கு கிலோமீட்டர் ஜீப் பயணத்தில் எவரும் பேசவில்லை. 2,400 மீட்டர் உயரத்திலுள்ள அந்தப் புறப்பாட்டுப் புல்வெளிக்கு வந்து சேர்ந்தபோது, மேலே புதுப் பனி கண்ணைக் கூச, சரிவெங்கும் புராஞ்ச் மரங்கள் பூத்துச் சிவந்து நின்றன. முதல் தெர்மலை, அதாவது மேலெழும் வெப்பக் காற்றை, நான் கண்டுபிடிக்கவில்லை. ஒரு பாறுக் கழுகு எனக்குச் சற்று முன்னால் சுற்றத் தொடங்கியது, நான் அதன் பின்னால் போனேன், அவ்வளவுதான். மேற்கே மலைவிளிம்பை ஒட்டிப் போய்த் திரும்பி, பீர் மைதானத்தில் முடிவிடத்தைத் தொட்டேன். நாற்பத்து மூன்றாவது இடம். எனக்கு அது போதும்.

இரவு உணவின்போது அறைத்தோழர் மனில்லா கதையை எடுத்தார். 2007 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் மனில்லா ஊரில் உலகப் போட்டிக்கு முன்பு பயிற்சியில் இருந்த ஜெர்மானியப் பெண் ஒருவரை இடிமேகம் 9,946 மீட்டர் வரை இழுத்துக்கொண்டு போனது. நினைவிழந்து, பனிக்கட்டி போர்த்தி, அவர் உயிரோடு இறங்கினார். அதே நாளில் அதே வானத்தில் அகப்பட்ட சீன வீரர் இறங்கவில்லை. எங்களில் அந்தக் கதையை அறியாதவர் கிடையாது. பிறகு ஏன் அதைச் சொல்ல வேண்டும்?

ஏப்ரல் 12

இன்று நடந்ததை இப்போதே எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்குள் எனக்குச் சாதகமாக மாற்றிவிடுவேன்.

டாஸ்க் அறுபத்தொரு கிலோமீட்டர். தர்மசாலா பக்கம் போய்த் திரும்பிப் பைஜ்நாத்தில் முடிய வேண்டும். மேலே பனியால் காற்று குளிர்ந்தே இருக்க, கீழே விளைந்து காய்ந்த கோதுமை வயல்கள் காலையிலிருந்தே சூடேறிக்கொண்டிருந்ததால், பன்னிரண்டு மணிக்குள்ளாகவே மேகங்கள் அகலத்தைவிட உயரத்தில் வேகமாக வளரத் தொடங்கியிருந்தன. ஹிமானி சாமுண்டா கோயில் இருக்கும் முகட்டுக்கு மேலே நின்ற ஒன்றின் அடிப்பகுதி மட்டும் ஈயப் பாத்திரம்போல் கறுத்திருந்தது. ரேடியோவில் வானத்தின் ஆபத்து நிலை கேட்டார்கள். ஒருவர் ‘ஒன்று’ என்றார், இன்னொருவர் ‘இரண்டு’ என்றார். என் கணக்கில் அது மூன்று, அதாவது போட்டியை நிறுத்த வேண்டிய நிலை. என் கட்டைவிரல் பொத்தானின் மேல் இருந்தது. நான் அழுத்தவில்லை.

முன்னணியில் பறப்பவர் மூன்று என்றால் அது எச்சரிக்கை. நாற்பத்து மூன்றாவது இடத்திலிருப்பவன் சொன்னால், பின்தங்கியவன் நாளைக் கெடுக்கப் பார்க்கிறான் என்பார்கள். அந்த நொடியில் இதைத்தான் நினைத்தேன் என்று எழுதவே கூசுகிறது.

பிறகு ஏற்றத்தை ஒலியால் சொல்லும் வேரியோ கருவி ஓயாமல் கத்தியது. நான் சுற்றவே இல்லை, நேராகப் போய்க்கொண்டிருந்தேன், ஆனாலும் விநாடிக்கு ஏழு மீட்டர் ஏறிக்கொண்டிருந்தேன். இறக்கையின் இரு ஓரங்களையும் மடக்கி, வேகம் கூட்டும் ஸ்பீட்பாரை முழுதாக மிதித்த பின்னும் ஏற்றம் இரண்டு மீட்டருக்குக் கீழே குறையவில்லை. 9,946 என்ற எண் திரையில் இருப்பதுபோலவே தெரிந்தது. மலையை விட்டுப் பள்ளத்தாக்கை நோக்கித் திரும்பினேன். வெயில் பட்ட இடத்துக்கு வந்ததும் காற்று சட்டென்று கைவிட்டதுபோல இறக்கியது. பாலம்பூருக்குக் கீழே ஒரு படிக்கட்டு வயலின் வரப்பில் இறங்கினேன், ஆனால் இறக்கை கோதுமையின் மேல் விழுந்தது. வயலுக்குரிய அம்மா வந்து, என்னைப் பார்க்காமல் சாய்ந்த கதிர்களைப் பார்த்தார். அறுவடைக்குப் பத்து நாள்கூட இருக்காது. பணம் நீட்டினேன், வாங்கவில்லை. சாய்ந்தவற்றை இருவருமாக ஒவ்வொன்றாக நிமிர்த்தினோம், பெரும்பாலானவை நிற்கவில்லை.

நான் இறங்கி இருபத்திரண்டு நிமிடம் கழித்து டாஸ்க் நிறுத்தப்பட்டது. ஜீப்பில் திரும்பும்போது ஆலங்கட்டி கூரையைத் தட்டியது.

ஏப்ரல் 13

அனைவரும் பத்திரமாக இறங்கிவிட்டார்கள். அதில் உண்மையாகவே மகிழ்ச்சி.

நிறுத்தப்பட்ட டாஸ்க்குக்கும் புள்ளி உண்டு. நிறுத்திய நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பு யார் எங்கிருந்தார்கள் என்று பார்க்கிறார்கள், அவர்கள் வைத்திருந்த உயரத்தையும் தூரமாக மாற்றிச் சேர்க்கிறார்கள். மேகத்துக்குள் நுழைவதற்குத் தடை இருக்கிறது, ஆனால் மேகம் உறிஞ்சித் தந்த உயரத்துக்கு மதிப்பெண் இருக்கிறது. விதி தவறு என்று சொல்ல மாட்டேன். நிறுத்தும்போது காற்றில் இருந்தவர்களைத் தண்டிக்காமலிருக்க வேறு வழி எனக்கும் தோன்றவில்லை. அறுபத்தேழாவது இடத்துக்கு இறங்கிவிட்டேன்.

புள்ளி உறுத்தவில்லை என்றால் பொய். ஆனால் அதைவிட அந்தப் பொத்தான்தான் உறுத்துகிறது. மாலையில் அறைத்தோழரிடம், ‘அது மூன்று என்று எனக்கு அப்போதே தெரியும்’ என்றேன். ‘அப்போது சொல்லியிருக்கலாமே’ என்று அவர் சாதாரணமாகக் கேட்டுவிட்டுத் தேநீர் போடப் போனார். அவர் கடைசிவரை மேலே இருந்தவர். அவருடைய கையுறைகள் இன்னும் காயவில்லை.

ஏப்ரல் 14

சித்திரை முதல் நாள். அம்மா அழைத்து, பச்சடிக்கு இந்த வருடம் வேப்பம்பூ கிடைக்கவில்லை என்றார். அங்கே எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு நல்ல வெயில் என்று சொல்லிவிட்டு, ஜன்னலை மூட எழுந்தேன்.

ஏப்ரல் 15, பில்லிங்

ஹிமாச்சல் தினம் என்பதால் ஜீப் வர நேரமாகிவிட்டது. புறப்பாட்டை 11.30-லிருந்து 12.15-க்கும், பிறகு 1.00-க்கும் தள்ளிவிட்டார்கள். டாஸ்க்கை முப்பத்தெட்டு கிலோமீட்டராகக் குறைத்திருக்கிறார்கள். ஹிமானி சாமுண்டாவுக்கு மேலே அதே இடத்தில் ஒரு மேகம் நிற்கிறது, அடி இன்னும் வெளுப்பாகத்தான் இருக்கிறது. ரேடியோவை இடத் தோள்பட்டையிலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றிக் கட்டினேன். பொத்தான் இப்போது பார்க்காமலேயே எட்டுகிறது.

12.50. காற்றைச் சோதிக்க முதலில் கிளம்பியவர் சுற்றாமலேயே ஏறிக்கொண்டிருக்கிறார். வரிசையில் முன்னால் நிற்பவர்கள் ஹெல்மெட்டை மாட்டுகிறார்கள்.