புளியரை வரிசையில் கொதித்த கார்

திருநெல்வேலி ரோட்டில் எண்பதில் போனால் டெம்பரேச்சர் முள் அசையவே அசையாது. அதே கார் புளியரை செக்போஸ்ட்டில் லாரிகளுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றால் போதும், முள் பாதியைத் தாண்டி மேலே கிளம்பிவிடும். வரிசை நகர்ந்து நாற்பதைத் தொட்டால் மறுபடி இறங்கும். எங்கள் காரின் வியாதி இதுதான். பத்து வருஷத்துக்கு மேல் ஓடின சின்ன பெட்ரோல் கார். அதைக் குணமாக்க நான் பட்ட பாட்டை எழுதி வைத்தால், இதே மாதிரி ஹீட் ஆகிற வண்டியோடு அல்லாடுகிற யாருக்காவது இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றுகிற வேலை மிச்சமாகும்.

செங்கோட்டைக்காரர்களுக்கு இந்த ரோட்டைப் பற்றி விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். திருமங்கலம்-கொல்லம் நெடுஞ்சாலை புளியரை தாண்டியதும் எஸ் வளைவில் திரும்பி மலை ஏறும். கோட்டைவாசலோடு தமிழ்நாடு முடிந்து கேரளா ஆரம்பம். பிறகு ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை, புனலூர். ஜல்லி, எம்-சாண்ட், வைக்கோல், காய்கறி எல்லாம் இந்த வழியாகத்தான் அந்தப் பக்கம் போகிறது. லோடு ஏற்றின டாரஸ் லாரி ஒன்று முன்னால் மாட்டிக்கொண்டால் முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் நடுவிலேயே மலை முடியும். கார்த்திகை பிறந்தால் சாமிமார் வண்டிகளும் சேர்ந்துகொள்ளும். பாவூர்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து புனலூர்க் கடைகளுக்குக் காய் அனுப்புவது என் தொழில். வசூலுக்கு நான்தான் போயாக வேண்டும். அதனால் “அந்தப் பக்கம் போகாம இருந்துக்கோ” என்கிற வைத்தியம் எனக்குச் சரிப்படாது.

ஒருநாள் ஆரியங்காவு கோயிலுக்குக் கொஞ்சம் முன்னால் பானெட் ஓரத்திலிருந்து ஆவி கிளம்பியது. ஓரங்கட்டி, பானெட்டைத் தூக்கி, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு குனிந்தேன். டீக்கடையிலிருந்து ஒருவர் ஓடி வந்தார். “அண்ணாச்சி, இப்போ துறக்கல்லே!” திறக்காதே என்கிறார். நான் ஹோஸ் எங்காவது வெடித்திருக்கிறதா என்று பார்க்கத்தான் குனிந்தேன். ஆனாலும் அவர் சொன்னது நியாயம். அவர் திறக்காதே என்றது ரேடியேட்டர் மூடியை. அது சும்மா மூடி அல்ல. உள்ளே அழுத்தத்தைக் கட்டிவைக்கிற வால்வும் அதிலேதான் இருக்கிறது. மூடி மேல் 0.9 என்றோ 1.1 என்றோ போட்டிருப்பது அந்த அழுத்தத்தின் அளவு. அவ்வளவு அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 120 பக்கம் போனால்தான் கொதிக்கும். சூட்டோடு மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று விட்டுப்போய், உள்ளே இருப்பதெல்லாம் ஒரே நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைக் கையால் அமுக்கினால் மெத்தென்று உள்ளே போகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். அவர் கடையில் ஒரு கட்டன் சாயா குடித்து, பேசி, இன்னொன்றும் குடித்தேன்.

ஊருக்கு வந்து ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பானெட்டைத் திறக்கும் முன்பே “ஹெட் கேஸ்கட் போயிருக்கும், ஹெட்டை இறக்கணும்” என்றார்கள். ஹெட்டுக்கும் அதற்குக் கீழே இருக்கிற பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கிற தகடுதான் அந்த கேஸ்கட். 15,000 ரூபாய்க்குக் குறையாது என்று கணக்கும் சொன்னார்கள். இன்னொரு இடத்தில் “வால்வைக் கழட்டிப் போட்டுடுவோம் சார், அப்புறம் தொந்தரவே இருக்காது” என்றார்கள். வால்வு என்று அவர்கள் சொல்வது தெர்மோஸ்டாட்டை. இன்ஜின் சூடாகிற வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைத்திருந்து, பெரும்பாலான வண்டிகளில் 82-லிருந்து 88 டிகிரிக்குள் திறந்துவிடுகிற சாமான் அது. அதைக் கழற்றிவிட்டால் நெடுஞ்சாலையில் இன்ஜின் சூடேறாமலே ஓடும், பெட்ரோலைக் குடிக்கும். நம் ஊரில் எத்தனையோ வண்டிகள் அது இல்லாமல்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன, அது வேறு கதை. இரண்டு இடத்திலும் கும்பிட்டு விட்டு வந்தேன்.

ஏனென்றால் இரண்டு பேர் சொன்னதும் வியாதியோடு பொருந்தவில்லை. கேஸ்கட் போயிருந்தால் எரிகிற காற்று தண்ணீருக்குள் புகும். இன்ஜினுக்கு எவ்வளவு சுமையோ அவ்வளவு சூடு ஏறும். எண்பதில் போகும்போது முதலில் அதுதான் காட்டிக் கொடுத்திருக்கும். தெர்மோஸ்டாட் திறக்காமல் மாட்டிக்கொண்டால் எந்த வேகத்திலும் கொதிக்கும். ரேடியேட்டர் குழாய்கள் உப்புத் தண்ணீரால் உள்ளே அடைத்திருந்தாலும் வேகமாகப் போகும்போதுதான் தாங்காது. ஓடினால் ஆறுகிறது, நின்றால் ஏறுகிறது என்றால் காற்றின் மேல்தான் சந்தேகம் வர வேண்டும். ஓடுகிற வண்டிக்கு ரோட்டுக் காற்று கிரில் வழியாகத் தானாக வரும். நிற்கிற வண்டிக்கு ஃபேன் கொண்டுவந்தால்தான் உண்டு. மலையில் லாரிக்குப் பின்னால் ஊர்கிற நேரம் இரண்டிலும் மோசம்: இன்ஜினுக்கு முழுச் சுமை, முன்னாலிருந்து காற்றே கிடையாது.

வாட்டர் பாடி, அதாவது தண்ணீரைச் சுற்றவிடுகிற பம்ப், அதன் மேலும் ஒரு சந்தேகம் இருந்தது. அது பெல்ட்டில் ஓடுவதால் ஐட்லிங்கில், அதாவது ஆக்ஸிலேட்டரை அமுக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, மெதுவாகத்தான் சுற்றும். உள்ளே இருக்கிற இறக்கை அரித்துப்போயிருந்தால் நிற்கும்போது தண்ணீர் ஓட்டம் போதாமல் போகலாம். அதற்கு வரிசையில் நிற்கும்போதே ஒரு சோதனை செய்தேன். நியூட்ரலில் வைத்து ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அமுக்கி, இன்ஜின் சுற்றை நிமிஷத்துக்கு 2,000 பக்கம் பிடித்தேன். வாட்டர் பாடி காரணமாக இருந்தால் சூடு இறங்கத் தொடங்க வேண்டும். இறங்கவில்லை.

அதிகாலையில், வண்டி குளிர்ந்திருக்கும்போது, இன்ஜினை ஆற்றுகிற கூலன்ட் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தேன். டப்பாவில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தது, நாளுக்கு நாள் குறையவும் இல்லை. ஆயில் ஸ்டிக்கில் பால் கலந்த மாதிரி எதுவும் இல்லை. ஸ்டார்ட் செய்த உடனே ஹோஸ் இறுகவில்லை, கூலன்ட்டில் குமிழி வரவில்லை. கேஸ்கட் பயம் அத்தோடு போயிற்று. ஏசியின் சூட்டை வெளியே விடுகிற கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கிற சந்துக்குள் பார்த்தால் அங்கே ஒரு தோட்டமே இருந்தது. வைக்கோல் துணுக்கு, பூச்சி இறக்கை, மண். இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகச் சாதாரண ஹோஸால் தண்ணீர் விட்டுக் கழுவினேன். வாட்டர் வாஷ் பிரஷர் வைத்தால் மெல்லிய தகடுகள் மடிந்து, இருக்கிற வழியும் அடைந்துவிடும். கழுவினதில் பலன் இருந்தது. ஆனால் வியாதி போகவில்லை.

இதற்கு நடுவில், வண்டியின் கம்ப்யூட்டர் சொல்வதைப் போனுக்கு அனுப்புகிற ஒரு ஓபிடி டாங்கிள் வாங்கி ஸ்டியரிங்குக்குக் கீழே செருகி, போனில் சூட்டைப் பார்க்க ஆரம்பித்தேன். டேஷ்போர்டு முள்ளை ரொம்ப நம்பக்கூடாது. ஓட்டுகிறவர் பதறாமல் இருக்கட்டும் என்று பல வண்டிகளில் அதை நடுவிலேயே நிற்கிற மாதிரி செய்திருக்கிறார்கள். அது நகர ஆரம்பிக்கும்போது விஷயம் முற்றிப் போயிருக்கும். போனில் தெரிந்தது இது: ரோட்டில் 88, 90. வீட்டு வாசலில் நிறுத்தி ஐட்லிங்கில் விட்டால் மெல்ல 96. அங்கே ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்கும். சத்தம் கேட்ட பிறகும் 99, 102, 105.

ஃபேன் ஓடுகிறது. எல்லாரும் அந்த இடத்தில்தான் ஏமாந்தார்கள். ஒர்க்‌ஷாப்பில் “ஃபேன் பார்த்தீங்களா” என்று நான் கேட்டபோதும் குனிந்து பார்த்துவிட்டு “அதெல்லாம் ஓடுதே” என்றுதான் சொன்னார்கள். ஃபியூஸ் சரியாக இருந்தது. ரிலே டக்கென்று அடித்தது. சென்சார் சரியான சூட்டில்தான் ஃபேனைக் கூப்பிட்டது.

எனக்கு உறுத்தினது ஏசி. பெரும்பாலான வண்டிகளில் ஏசி போட்டால் ஃபேனும் சேர்ந்து ஓடும். சூடு ஏறும்போது ஏசி போட்டுப் பார், ஃபேன் ஓடி இறங்கினால் சென்சார் கோளாறு என்று ஒரு பழைய யுக்தி உண்டு. என் வண்டியில் ஏசி போட்டால் இன்னும் வேகமாக ஏறியது. அதோடு, நிற்கும்போது ஏசியில் குளிர்ச்சியே வராது. ஓடினால் ஜில்லென்று வரும். கண்டென்சரும் ரேடியேட்டரும் ஒன்றன்முன் ஒன்றாக இருப்பவை. இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே நிலையில் படுக்கிறதென்றால் இரண்டுக்கும் பொதுவான காற்றைத்தான் பிடிக்க வேண்டும்.

இதையெல்லாம் செங்கோட்டையில் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற ஒரு வயசான ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் போய்ச் சொன்னேன். அவர் டெஸ்ட் லேம்ப்பைக்கூட எடுக்கவில்லை. மேஜையில் கிடந்த நியூஸ் பேப்பரில் ஒரு தாளைக் கிழித்தார். வண்டியை ஓடவிட்டு, ஃபேன் சத்தம் வருகிற வரை பேசாமல் நின்றார். வந்ததும் தாளைக் கிரில்லுக்கு முன்னால் விட்டார். தாள் கிரில்லில் ஒட்ட வேண்டும். என் வண்டியில் அது எகிறி அவர் நெஞ்சில் ஒட்டியது.

“ஃபேன் ஓடுதுன்னு பாத்தியளே அண்ணாச்சி, காத்து எந்தப் பக்கம் போவுதுன்னு பாத்தியளா?”

ஆடிச் சாரலில் பழைய ஃபேன் மோட்டார் எரிந்துபோய், வழியில் ஒரு கடையில் வேறு மோட்டார் போட்டிருந்தோம். பிளக் பொருந்தாததால் ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். அதில் பாசிட்டிவும் நெகட்டிவும் மாறிப்போயிருந்தது. பிரஷ் வைத்த டிசி மோட்டாருக்கு முனையை மாற்றிக் கொடுத்தால் எதிர்ப்பக்கம் சுற்றும். பார்த்தால் தெரியாது, சத்தமும் கிட்டத்தட்ட அதேதான். இன்ஜின் பக்கத்து அனலை இழுத்து, ரேடியேட்டர் வழியாகத் தள்ளி, கண்டென்சரையும் சுட வைத்து முன்பக்கமாக விட்டுக்கொண்டிருந்தது என் ஃபேன். இறக்கையின் வளைவும் எதிர்ப்பக்கம் என்பதால் அந்தக் காற்றும் அரைகுறை. வண்டி ஓடும்போது ரோட்டுக் காற்று அதை அமுக்கிவிடும், பெரும்பாலும் ஃபேனே ஓட வேண்டியிருக்காது. சாரல் காலத்தில் இது தெரியவே இல்லை. காற்றே குளிராக இருந்தது, நானும் மலைப்பக்கம் அதிகம் போகவில்லை. ஐப்பசி வெயிலில் வரிசையில் நின்றபோது மோட்டார் மாற்றின ஞாபகம் யாருக்கும் வரவில்லை.

வேலை அரைமணி நேரம்கூட இல்லை. டேப்பைப் பிரித்து, ஒயரை மாற்றி, இந்தத் தடவை ஈயம் வைத்துப் பற்றவைத்து ஸ்லீவ் போட்டார். ஃபேனைச் சுற்றியிருக்கிற பிளாஸ்டிக் கூண்டில் கீழே ஒரு கிளிப் உடைந்து இடைவெளி விட்டிருந்தது. அதையும் கட்டிக் கொடுத்தார். அந்தக் கூண்டு அலங்காரத்துக்கு இல்லை என்றார். இடைவெளி இருந்தால் ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் பக்கத்துச் சந்திலிருந்து இழுத்துச் சுற்றிக்கொண்டே இருக்குமாம். மறுபடி தாளை விட்டார். கிரில்லில் பட்டென்று ஒட்டி, கையால் உரிக்கிற வரை விழவில்லை. கூலி வாங்க மாட்டேன் என்றவரிடம் சட்டைப்பையில் திணித்துவிட்டு வந்தேன்.

வீட்டு வாசலில் மறுபடி போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 96-ல் ஃபேன் கிளம்பியது, 91-ல் நின்றது. திரும்ப 96, திரும்ப 91. ஏசி போட்டுப் பார்த்தேன், 92-க்கு மேல் போகவில்லை.

மலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒன்று. ஒதுங்க இடமில்லாத வளைவில் முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, புளோயரைக் கடைசி வரை திருப்பி, கண்ணாடியை இறக்கிவிடுங்கள். ஹீட்டர் உள்ளே இருக்கிற இன்னொரு சின்ன ரேடியேட்டர்தான், அதற்குச் சொந்தக் காற்றாடியும் உண்டு. வேர்த்து ஊற்றும், பின்சீட்டில் இருப்பவர்கள் திட்டுவார்கள். ஆனால் ஒதுங்குகிற இடம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். சிவப்பைத் தொட்டுவிட்டால் அதற்கும் மேல் ஓட்டாதீர்கள். அலுமினிய ஹெட் வளைந்தால் அந்த 15,000 ரூபாய்க் கணக்கு நிஜமாகிவிடும்.

கார்த்திகையில் மறுபடி புனலூர் போனேன். புளியரையில் வழக்கம்போல வரிசை, முன்னால் ஜல்லி லாரி. ஏசி ஓடிக்கொண்டே இருந்தது, போனில் 93. இப்போது மிச்சமிருப்பது கூலன்ட் மாற்றுகிற வேலை மட்டும்தான். கொதித்த நாட்களில் வழியில் கிடைத்த தண்ணீரையெல்லாம் ஊற்றியிருக்கிறேன். அதை வடித்து, கழுவி, கூலன்ட்டும் சுத்தத் தண்ணீரும் பாதிக்குப் பாதி ஊற்ற வேண்டும். மூடியும் பழசு. மாற்றும்போது பழையதில் என்ன எண் போட்டிருக்கிறதோ அதே எண்தான் வாங்க வேண்டும் என்று எலக்ட்ரீசியன் அண்ணாச்சி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.