ஆமை சூப்பும் ஒரு பழைய மெனுவும்

"சாப்பிட வர்றவங்களுக்கு எதுக்கு சார் பாடம்?" என்று கேட்டார் ஷெஃப். ஒரு பதில் சொன்னேன். அது எனக்கே இன்னும் முழுசாக ஒப்பவில்லை.

1950களின் நியூயார்க் ஹோட்டல் மெனு ஒன்றை அப்படியே அச்சிட்டு, அதில் உள்ளதையே விருந்தில் பரிமாறுவதாகத் திட்டம். மெனுவில் தேதி கிடையாது. பெரும்பாலும் இருக்காது, பொடி எழுத்தைத்தான் துருவ வேண்டும். முகவரியில் 'நியூயார்க் 22' என்பது போல அஞ்சல் மண்டல எண் இருந்தால், அது 1943-க்கும், ஜிப் கோடு என்கிற இன்றைய அமெரிக்க அஞ்சல் குறியீடு வந்த 1963-க்கும் இடைப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்கால மெனுவாக இருந்தால், அன்றைய விலைக் கட்டுப்பாட்டின்படி, '1943 ஏப்ரல் 4 முதல் 10 வரை வாங்கிய உச்ச விலைக்கு மேல் போகவில்லை' என்கிற மாதிரி ஓர் அறிவிப்பு இருக்கும். இதில் இல்லை. யாரும் படிக்காத வரிகள்தான் எனக்குச் சோறு போடுகின்றன.

சிக்கல் வந்தது என்னவோ எல்லோரும் படிக்கும் வரியில். சூப் பட்டியலில் முதலாவதாக, ஷெர்ரி ஒயின் சேர்த்த பச்சைக் கடலாமை சூப். அமெரிக்காவில் 1978-இல் அழியும் உயிரினச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வந்துவிட்ட ஆமை. ஷெஃப் அந்த வரியைத் தூக்கிவிடலாம் என்றார். இல்லாவிட்டால் கன்றுத்தலையில் செய்யும் போலி ஆமை சூப்பைப் போட்டுக்கொள்ளலாம். நான் வரி இருக்கட்டும், பக்கத்தில் 'பரிமாறப்படாது' என்று அச்சிடுங்கள் என்றேன். அப்போதுதான் அந்தக் கேள்வி.

"அந்த வரியை எடுத்துட்டா இது நம்ம மெனு ஷெஃப், அவங்களோடது இல்ல."

சொன்னது நியாயம்தான். அந்தக் காலத்துப் பணக்கார மேஜையில் எது பெருமையாக இருந்தது என்பதற்கு அந்த வரியே சாட்சி. அதை அழித்தால் மிஞ்சுவது மெழுகுவர்த்தியும் வெள்ளைத் துணியும் மட்டும்.

ஆனால் அதே மெனுவில் லாப்ஸ்டர் தெர்மிடோர் என்கிற சிங்கி இறால் பதார்த்தமும் இருந்தது, வெறும் பெயராக. எவ்வளவு கடுகு, என்ன சீஸ் என்று எதுவும் இல்லை. அந்தக் காலத்துச் சமையல் நூல்கள் சிலவற்றைப் பார்த்து ஒரு செய்முறையை ஒட்டுப்போட்டுக் கொடுத்தேன். அதை யாரும் கேள்வி கேட்கவில்லை, நான் உட்பட. ஆமை சூப்புக்கு மட்டும் ஏன் அவ்வளவு கறார்? இத்தனைக்கும் பெரிய சமையலறைகள் பெரும்பாலும் அந்த சூப்பைத் தாங்களே செய்வதில்லை, தயாராகவே வாங்கிவிடுகின்றன என்று பிரெஞ்சு சமையல் மேதை எஸ்காஃபியே எப்போதோ எழுதிவைத்துவிட்டார். நான் கட்டிக் காத்த அந்த வரிக்குப் பின்னால் ஒரு டப்பா இருந்திருக்கலாம்.

வரி நின்றது. விருந்தினர் சிலர் அதைக் காட்டிச் சிரித்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். ஷெஃப் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த விருந்துக்கு ஒரு மெனுவை அவரே தேர்ந்தெடுத்து, தட்டச்சு செய்தே அனுப்பியிருக்கிறார். மூலப் பிரதியின் படத்தைக் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். கேட்டால் அவரைச் சந்தேகப்படுவதாக ஆகிவிடும். சந்தேகம்தான்.